அதே வளைவு

ஆலங்குடி வீட்டில் மீனம்மாள் டிவியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பந்தயக் கார் வளைவில் வழுக்கிச் சுவரில் மோதி நொறுங்கியது. கணவர் திருப்பதி சேனலை மாற்றப் போனார்.

"மாத்தாதீங்க. புள்ள வெளிய வரட்டும்."

புகைக்குள்ளிருந்து எழுந்து அவன் கையசைத்ததும் விம்மி அழுதாள்.

சற்று நேரத்தில் டீம் என்ஜினியர் போனில் அழைத்தார். "பாத்தீங்களாம்மா? தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்ல. மாத்தி வச்ச சீட்டுதான் காப்பாத்துச்சு."

"அவனோட ஆத்தாகிட்ட சொல்லிட்டீங்களா? தவிச்சுக்கிட்டு இருப்பா."

"சொல்லிட்டேம்மா. போன வருஷம் அதே வளைவுல ஒங்க மகன் நிலவழகன் போனப்புறம், அவன் காரைப் பிரிச்சுப் பாத்துத்தான் சீட்டை மாத்துனோம்."

"நல்லாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தவள், திருப்பதியின் தோளில் சாய்ந்தாள்.

"ஒரு வருஷம் முந்தியே மாத்தியிருக்கக் கூடாதாங்க?"