மாடி அறைக் கதவு

திரையில் பேய் கதவைத் தட்டியது.

தியேட்டரே சிரித்தது. அவள் மட்டும் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கதை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் படித்தது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதை. ஜமீன் பங்களா. மாடி அறை. உள்ளே, தீயில் வெந்த முகத்தோடு ஜமீன்தாரின் தங்கை. வாரா வாரம் அவள் கதவைத் தட்டுவாள். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

கடைசி வாரம் கதவைத் திறந்தவன் வாசலிலேயே ரத்தம் கக்கிச் செத்தான்.

அந்தப் பக்கங்களின் பின்னால் ஜோக்குகளும் இருந்தன. பாதி தையலுக்குள் போயிருக்கும். திகிலில் அவள் அவற்றைப் படித்ததே இல்லை.

இப்போது அதையே கிண்டலடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

சிரிப்பதற்காக வரவில்லை அவள். வீட்டில் இருக்க முடியாமல் வந்தாள்.

இடைவேளையில் கணவனின் போன்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா? காலையில அவளைக் கூட்டிட்டுப் போக ஹோம்லேர்ந்து வண்டி வந்துடும்."

"சாயங்காலம் சொல்றேங்க."

"நீ கேட்டதாலதான் ஏற்பாடு பண்ணேன். இப்ப போய் இழுக்காதே."

உண்மைதான். கேட்டவள் அவளேதான்.

அடுப்பு வெடித்து முகம் பாதி வெந்துபோன அண்ணி, கணவனின் அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்த வீட்டுக்குத்தான் வந்தாள். வாசலில் முக்காடு விலகியது. பார்த்த இவள் அலறிவிட்டாள். தெருவே எட்டிப் பார்த்தது.

அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாடிக்குப் போனாள். பிறகு இறங்கவேயில்லை.

சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு இவள் ஓடி வந்துவிடுவாள். சாப்பிட்டானதும் மேலே கதவு தட்டப்படும். பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டல் நின்று வெகுநேரம் கழித்துத்தான் இவள் படியேறுவாள்.

விளக்கு அணைந்தது. திரையில் மறுபடி தட்டல். சமையல்காரன் நடுங்கிக்கொண்டே கதவைத் திறந்தான். கோர முகம் எட்டிப் பார்த்தது.

"ஏன்டா, ஒரு காபி கேட்டு எத்தனை வருஷமா தட்டறேன்! ஆளாளுக்கு ஓடினா யாருடா போட்டுத் தர்றது?"

தியேட்டர் அதிர்ந்தது. பின் வரிசையில் விசில்.

அவள் எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பால் காய்ச்சினாள். இரண்டு டம்ளர் எடுத்தாள். படியேறினாள்.

முதல்முறையாக, வெளியிலிருந்து அந்தக் கதவைத் தட்டினாள்.

ஓடவில்லை.

உள்ளே ஏதோ அசைந்தது.

"வச்சிட்டுப் போம்மா. நீ கீழே இறங்கினப்புறம் எடுத்துக்கறேன்."

"இல்லண்ணி. எனக்கும் சேர்த்துத்தான் காபி கொண்டுவந்திருக்கேன்."

சூடான டம்ளர்களோடு அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு மெதுவாக வந்தது குரல்.

"திறந்துதான் இருக்கு."

முழங்கையால் தள்ளினாள். சும்மா சாத்தியிருந்த கதவு விலகிக்கொண்டது.

அண்ணி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

கதவைப் பார்த்தபடி இரண்டு பிரம்பு நாற்காலிகள்.

ஒன்று, உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்திருந்தது.

மற்றதில் யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லை.

தூசியும் இல்லை.