ஜன்னல் ஓரத்துக் கட்டில்

"ஹாஸ்டல்ல ஜன்னலாண்ட இருக்கற கட்டிலா கேட்டு வாங்கணும்டி," என்றாள் ரேணுகாம்பாள்.

"மொதல்ல பணம் வரட்டும்மா. கட்டில் எங்கயும் ஓடிடாது," என்றாள் அவள் மகள் ஓவியா.

வேங்கிக்காலில் ஒரு புது வீட்டின் மாடியில் இருந்தது அந்த அறக்கட்டளை. அம்மாவும் மகளும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விட்டபாடில்லை. எதிரே தெரிந்த மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. கீழ்ப்பாதி மட்டும் தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல் இருந்தது.

சென்னையில் எம்.ஏ. புவியியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இன்று புதன். விசாரித்த உதவித்தொகைகளில் எல்லாம் வயது, வருமானம், கடைசித் தேதி என்று ஏதாவது ஒன்று இடித்தது. லோன் கேட்டுப் போன இடத்தில், "எம்.ஏ. படிச்சி இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டு ஃபைலை மூடினார்கள். அந்த ஆளின் சிரிப்பை நினைத்தால் இருபது வயது ஓவியாவுக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

லோடு வண்டி ஓட்டும் தசரதன், ஓவியாவின் அப்பா, வீட்டின் தலைவர், போன வாரமே தீர்த்துச் சொல்லிவிட்டார். "ஒரு டிகிரி வாங்கியாச்சு இல்ல? போதும். ரெண்டு வருஷம் மெட்ராஸ்ல போயி குந்திக்கினா இங்க சோறு யாரு ஆக்குவா?"

வீட்டு வேலை மொத்தத்தையும் முடித்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தில் படித்து வாங்கிய டிகிரி அது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

"ஏண்டி, அங்க மூணு வேளையும் அவங்களே ஆக்கிப் போட்டுடுவாங்களா?"

"போடுவாங்க. சாம்பார்ல பருப்பத்தான் தேடணுமாம்."

"தேடிக்கலாம். யாராவது ஆக்கிப் போட்டா போதும்." ரேணுகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். "மொட்ட மாடிக்குப் போனா கடல் தெரியும்னாங்களே, நெஜமா?"

"தெரியுமாம்."

ஓவியாவும் மனதால் அந்த ஹாஸ்டல் அறைக்குள் போய்விட்டாள். திறந்த ஜன்னல். உப்புக் காற்று. சுவரில் ஒரு உலக வரைபடம். கட்டிலில் விரித்த புத்தகம், காற்று அதன் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறது. யாரும் டீ கேட்கவில்லை. சட்டை எங்கே என்று யாரும் கத்தவில்லை. வரைபடத்தின் நீலம் மெல்லச் சுவரை விட்டு இறங்கித் தரையெல்லாம் பரவுகிறது. கட்டில் தோணிபோல ஒரு தடவை அசைந்து, கிளம்புகிறது.

"ராகிங் எல்லாம் இருக்குமாடி?"

ஓவியா சிரித்துவிட்டாள். "பண்ணித்தான் பாக்கட்டுமே."

"உள்ள வாங்கம்மா," என்று குரல் வந்தது.

அறக்கட்டளை மேலாளர் செழியன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தாள்களைப் புரட்டினார். "டிகிரில அறுபத்தொம்போது பர்சன்ட். நல்ல மார்க்குதான். குடும்பத்துலயே மொத பட்டதாரியா?"

"வம்சத்துலயே மொத ஆளு சார்," என்றாள் ஓவியா. "அதுக்கு முன்னாடி எவனும் எங்கள படிக்க விடல."

ரேணுகாம்பாள் அவள் தொடையில் கிள்ளினாள். செழியன் நிமிரவில்லை. "சரி, எதுக்குப் புவியியல்?"

"மேப்ப விரிச்சி வச்சா சோறு தண்ணி மறந்துபோயிடும் சார்," என்றாள் ரேணுகாம்பாள்.

செழியன் முதல் தடவையாகச் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல. ரெண்டு வருஷ ஃபீஸும் ஹாஸ்டலும் நாங்க பாத்துக்கறோம். நாளைக்கே கட்டிடலாம்."

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"கார்டியன் கையெழுத்து இல்லையே."

"அவரு போட மாட்டாரு சார்." ரேணுகாம்பாளின் குரல் அப்போதே திரும்பிப் போக பஸ் ஏறிவிட்டது.

"அது இல்லாம பணம் விட மாட்டாங்கம்மா. போன வருஷம் ஒரு வீட்டு ஆளுங்க வந்து, எங்களக் கேக்காம எப்படி அனுப்புனீங்கன்னு இங்கயே ரகளை பண்ணிட்டாங்க."

"படிக்கறவங்களுக்கு அறிவு இருக்குன்னுதானே மார்க்கு போட்டாங்க? அப்புறம் எதுக்கு சார் மேல ஒரு காவல்?" என்றாள் ஓவியா.

"எங்கிட்ட கோச்சிக்கினு இன்னா பண்றது? ஃபாரத்த நான் அடிக்கல." செழியன் அந்தத் தாளை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார். "அவருதான் போடணும்னு இல்ல. பதினெட்டு வயசு தாண்டின வீட்டு ஆளு யாருன்னாலும் சரி."

ரேணுகாம்பாள் பேனாவைத் தொடவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வீட்டில் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை அவள்.

"பயமா இருக்குடி," என்றாள் மெதுவாக.

"எனக்கு இல்ல," என்றாள் ஓவியா.

தாளைத் தன் பக்கம் இழுத்து, கார்டியன் என்ற இடத்தில் 'த. ஓவியா' என்று கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே, 'கார்டியன் மாணவிக்கு என்ன உறவு' என்று கேட்டிருந்த கட்டத்தில், பேனாவை அழுத்தி எழுதினாள்:

'மகள்.'