கொண்டைக்குக் குடிபோன பேன்கள்

வேப்பிலை அரைபடும் வாசனை வந்ததும் பேன்கள் என்ன பண்ணும், தெரியுமா?

பூங்காவனம் மகள் தலையில் பூசத்தான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். மகளோ அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் சாய்ந்திருந்தாள்.

"செத்தோம்க்கா" என்றது மகள் தலையிலிருந்த சின்னப் பேன்.

"எதுக்குடி சாகணும்? இப்படியே அம்மாக்காரி கொண்டைக்கு நடந்துடு" என்றது பெரிய பேன்.

"அங்கேயும் பூசினா?"

"அவளா பூசுவா? ஊர்ல எல்லார் தலையும் பேன் தலை, தன் தலை மட்டும் தங்கம்னு நினைக்கிறவடி."

இரண்டும் கொண்டையில் குடியேறின. பத்தே நாளில் ஈரும் குஞ்சுமாகப் பெருகி, மகள் தலைக்கும் மறுபடி ஆள் அனுப்பின.

பூங்காவனம் கோபமாகப் பள்ளிக்கூடத்துக்கே போனாள். கொண்டைக்குள் விரலை விட்டு வறக் வறக்கென்று சொறிந்துகொண்டே சொன்னாள்: "டீச்சர், அந்தச் செண்பகம் மக பக்கத்துல எங்க பாப்பாவை உட்கார வைக்காதீங்க. அவங்க வீடே பேன் பிடிச்ச வீடு."