சுண்டுவிரல்

பெஞ்சில் கிடத்தியிருக்கும் கலியனின் கைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் துணியை அவன் மனைவி அம்சவல்லி அவிழ்க்கிறாள். பந்தல் ஓட்டைகள் வழியே விழும் வெயில் அவன் வேட்டியில் சில்லறைபோல் சிதறிக் கிடக்கிறது. தெருவுக்கு அப்பால் உப்புக் குவியல்கள் கண் கூச நிற்கின்றன. காலையில் அங்கேதான் சுருண்டு விழுந்து செத்தான். வைக்கோல் தீயில் மேளத்தைக் காய்ச்சுகிறவர், "போனெல்லாம் வேணாம்மா, கையில காசா குடுத்துடு" என்கிறார். ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை இன்னும் வேனிலிருந்து இறக்கவில்லை. அதன் கண்ணாடியிலேயே ஸ்கேன் பண்ணும் அட்டை ஒட்டியிருக்கிறது. "போன்ல போட்டாலும் சரிதாங்க்கா." வீட்டில் காசு இல்லை. போன வருஷத்திலிருந்து உப்பளத்துக் கூலி கலியனின் போனுக்குத்தான் வருகிறது, அந்தப் போன் அவன் விரலுக்குத்தான் திறக்கும். அம்சவல்லி அவன் கட்டைவிரலை எடுத்து வைக்கிறாள். "அது இல்லக்கா," என்கிறாள் உப்பளத்தில் கூட வேலை செய்யும் ஜெயா. "மத்த விரலெல்லாம் உப்புல ரேகை தேஞ்சிடுச்சுன்னு அண்ணன் சுண்டுவிரலத்தான வச்சிருந்தாரு." அம்சவல்லி முந்தானையை நனைத்துச் சுண்டுவிரலைத் துடைக்கிறாள். வாயருகே கொண்டுபோய் ஊதிச் சூடேற்றுகிறாள். அழுத்துகிறாள். போன் அதிர்ந்து அடங்குகிறது. மறுபடியும் அழுத்துகிறாள், மறுபடியும். கடைசியில் போன் விரலை விட்டுவிட்டு, திறக்கிற நம்பரைக் கேட்கிறது. ஒப்பாரி சட்டென்று நிற்கிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவள் குனிந்து, கலியனின் காதில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்கிறாள்: "என்னாங்க... நம்பரு என்னாங்க?"