தென்னைக்கு அடியில் ஒரு நீலக் கார்

ஒரு குடியிருப்பின் வாசலில் தென்னை மரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில் நீலக் காரைத் தவிர வேறு எந்தக் காரும் நிற்காது. "எனக்கென்ன பயம்? எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே!" என்று அது தினமும் பீற்றிக்கொள்ளும்.

ஒரு நாள் தேங்காய் ஒன்று தொப்பென்று விழுந்து அதன் பானெட் நசுங்கிப்போனது.

"பரவாயில்ல, இன்சூரன்ஸ் பார்த்துக்கும்," என்றது நீலக் கார், வலியை மறைத்துக்கொண்டு.

சற்றுத் தள்ளி வெயிலில் நின்ற வெள்ளைக் கார் தயங்கித் தயங்கிச் சொன்னது: "தம்பி, உன்னோடது தேர்ட் பார்ட்டி. நீ யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் கொடுப்பாங்க. உனக்கு அடிபட்டா ஒண்ணும் கிடையாது. என்னோடது ஃபுல் இன்சூரன்ஸ். தீ, வெள்ளம், திருட்டு, தேங்காய் எல்லாத்துக்கும் உண்டு."

"அப்புறம் நீங்க ஏண்ணே வெயில்ல நிக்கிறீங்க?"

"தலையில விழுந்தா வலிக்குமேடா!"

நீலக் காருக்கு அது காதில் ஏறவில்லை. அடுத்த முறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அதன் முதலாளி ஃபுல் இன்சூரன்ஸே போட்டுவிட்டார். அது ஹாரன் அடித்துக்கொண்டே வந்து மரத்தடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"தென்னை அக்கா, இப்போ போடுங்க பார்க்கலாம்!"

மரம் மட்டை மட்டையாகக் குலுங்கிச் சிரித்தது. "இன்னிக்குக் காலையிலதான்டா ஆள் ஏறி அத்தனை காயையும் பறிச்சுட்டுப் போனாரு."

நீலக் காரின் முகம் விழுந்துவிட்டது.

"நல்லாத் தேடிப் பாருங்கக்கா," என்று கெஞ்சியது, "சின்னதா ஒண்ணுகூடவா இல்ல?"