சித்திரையில் எடுத்த படம்

அதிகாரியின் மேசையில், விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து நாற்பது வருடத்துக்கு முன் வரைந்த வரைபடம் விரிந்து கிடக்கிறது. "இதுல கண்மாயே இல்லையேம்மா. தரிசுன்னு இருக்கவும்தான் பிளாட்டுக்கு அனுமதி குடுத்தாங்க." ராஜஸ்ரீயின் சேலைக் கரையெல்லாம் சேறு, வில்லாபுரத்து வீட்டுக்குள் இன்னும் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டு லூர்துராஜிடம் திரும்புகிறாள். "அண்ணே, நீங்க சர்வேல இருந்தவருதான? எந்தக் குருட்டுப்பய இத வரைஞ்சான்?" அவருக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருக்கிறது. சித்திரையில் எடுத்தது, வறண்ட கண்மாய் அதில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. வெயிலுக்குப் பயந்து நேரில் போய்ப் பார்க்காமலே தரிசு என்று எழுதியாயிற்று. "யாரோ பழைய ஆளும்மா" என்கிறார். வரைபடத்தின் மூலையில், வரைந்தவர் பெயர்மேல் ஊன்றிய கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.