பின்விளக்கு

"மிதி!" என்று ஓரெஸ்ட் பின்னாலிருந்து கத்தினான்.

மிதித்தேன்.

"மிதிச்சியா இல்லையாடி?"

காலை ஆறரையிலிருந்து மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிக்கப்பின் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதனிடம், என் கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். இப்போது மணி பத்து.

பிக்கப்புக்குப் பின்னால் எங்கள் கேம்பர் மாட்டியிருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, இஸ்திரி போட்ட கல்யாண உடுப்புகள். அவற்றோடு, மூன்று நாள் தூக்கம் கெட்டு நான் பின்னிச் சுட்ட கொரொவாய். அந்த ரொட்டி இல்லாமல் எங்கள் ஆட்கள் வீட்டில் கல்யாணம் கிடையாது.

சனிக்கிழமை கெலோனாவில் எங்கள் மகள் லெசியாவுக்குக் கல்யாணம். இன்று வியாழன். யார்க்டனிலிருந்து மலைத் தொடரையெல்லாம் தாண்டி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் போகவேண்டும்.

கேம்பரின் பின்விளக்கு எரியவில்லையாம். இடதும் இல்லை, வலதும் இல்லை. பிரேக்குக்கும் இல்லை, இண்டிகேட்டருக்கும் இல்லை.

"ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா எர்த்துதான்" என்றான். எர்த் கம்பியைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, திரும்ப முடுக்கினான். எரியவில்லை. பிக்கப்பையும் கேம்பரையும் இணைக்கும் ஏழு முனை பிளக்கைப் பிடுங்கி, என்னுடைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு முனையாகத் துலக்கினான். எரியவில்லை. ஃபியூஸை மாற்றினான். பல்பை மாற்றினான். கரண்ட் பார்க்கும் டெஸ்டரே எரியவில்லை என்று அதைப் புல்லுக்குள் விட்டெறிந்தான். கேம்பரைச் செய்தவனின் பரம்பரையைத் திட்டி முடித்து, என்னிடம் வந்தான்.

"உள்ள டிக் டிக்னு சரியாத்தான் அடிக்குது. பல்பு போயிருந்தா வேகமால்ல அடிக்கும்?" என்றேன்.

"வாங்க, மெக்கானிக் அம்மா. நாப்பது வருஷம் தானிய லாரி ஓட்டினவன் நானா, நீயா?"

டவுனிலிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்றேன். அஞ்சாறு வயருக்கு ஆளா என்றான். நான் வந்து பார்க்கட்டுமா என்றேன். காலை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்றான். லெசியா இரண்டு முறை போன் செய்தாள். ரெஜைனாவைத் தாண்டிவிட்டோம் என்று வாய் கூசாமல் புளுகினேன்.

"இடது இண்டிகேட்டர் போடு!"

போட்டேன்.

"போட்டியா?"

அவ்வளவுதான், எனக்குப் பொறுமை போய்விட்டது. இண்டிகேட்டருக்குக் கால் தேவையில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுகிற வேகத்தில் பின்பக்கம் போனேன்.

மேகம் மூடிய காலை. ஈரப்புல்லில் மண்டியிட்டு, இடது விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தான்.

"வா, நீயே பாரு. செத்துக் கிடக்குது."

திட்டுவதற்காக அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

அவனுடைய மூக்குக் கண்ணாடியில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

விளக்கைப் பார்த்தேன். பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கா?" என்றான்.

மார்ச் மாதம் கண் டாக்டரிடம் தனியாகத்தான் போய்வந்தான். கழுகுக் கண் என்று டாக்டர் பாராட்டினாராம். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்துதான் கோயிலுக்குப் போனேன். நாளைக்கு மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம்.

"இப்ப எரியுது" என்றேன். "எதையோ தொட்டே, பிடிச்சுக்கிச்சு."

"எரியுதா? எர்த்துதான்னு நான் சொல்லல?" முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். விளக்கு இருக்கும் திசையைப் பார்த்து, ஜெயித்தவன்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அவன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு ஓட்டுநர் கதவுக்கு வருவதற்குள் நான் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தேன்.

"தள்ளிக்க."

"நான் ஓட்டறேன்."

"நீ கேம்பர் இழுத்துக்கிட்டு மலை ஏறினதே இல்லையேடி."

"ஏறிக்கறேன்."

கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றான். சண்டைக்கு வருவான் என்று நான் முப்பத்தெட்டு வருடக் கணக்கையும் தயாராக வைத்திருந்தேன். அவன் வரவில்லை. பானட்டைக் கையால் தடவிக்கொண்டே வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினான்.

எங்கள் மண்பாதை முடிந்து தார்ச்சாலையில் ஏறினேன்.

"காலையிலேருந்தே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ஆமாய்யா! எரியற விளக்குக்கு மூணரை மணி நேரம் என்னை பிரேக் மிதிக்க வெச்சே!" என்று கத்தினேன். கத்தாவிட்டால் அழுதிருப்பேன். அழுதுகொண்டு வண்டி ஓட்ட முடியாது.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கல்யாணம் வரைக்கும் கண்ணு தாங்கும்னு நெனச்சேன்டி" என்றான்.